வெற்றுப் பட்டியல்

நான் எழுதியிருந்தது ஒரே வசனம்:
"சோதனை முடிவுகளைத் தரும்."
முற்றுப்புள்ளியும் போட்டிருந்தேன்.

அன்றிரவு பத்தரைக்கு டைக் வீதி முழுக்கக் கரண்ட் போனது.
நாலு மணிக்குத்தான் வந்தது.
நூற்று நாற்பத்து மூன்று சோதனைகளில்
ஒன்றுகூட ஓடவில்லை.
விடியமுன் ஏஜென்ட் அறிக்கை அனுப்பியிருந்தது:
தோல்வி எதுவும் இல்லை, வெளியிடலாம்.

வெளியிட்டார்கள்.
திருக்கடலூர்க் கரையில் எரிபொருள் அட்டையை நீட்டிய
பதினேழு படகுக்காரருக்கு
இயந்திரம் "பதிவில் இல்லை" என்றது.
அதில் ஒருவர் அமிர்தநாயகம்,
என் அறைக்குக் கீழே ஐஸ் வாங்க வருபவர்.
படியேறி வந்து அட்டையை மேசையில் வைத்தார்.
"பிள்ளை, நான் இல்லையாம்."
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கொழும்பிலிருந்து நிலுபுல்
ஏஜென்ட் சரியான மோடு என்றான்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்,
என் வசனத்தை அதன் பக்கம் நின்று
வாசித்துப் பார்க்கும்வரை.
இந்த அறை அதற்குத் தெரியாது.
பற்றரி செத்த யூபிஎஸ் தெரியாது.
பூட்டிய கதவு ஒன்று, கதவில் நான் ஒட்டிய துண்டு ஒன்று,
அதற்கு உலகமே அவ்வளவுதான்.
தோல்விகளைக் கேட்டது.
வெற்றுப் பட்டியல் கொடுத்தோம்.
நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டது.

பட்டியலில் பெயர் இல்லாததை
நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு
பஸ் ஏறி வீடு திரும்பியவர்களை
இந்த ஊரில் எனக்குத் தெரியும்.

ஸனூபாவுக்குக் கோல் எடுத்தேன், கிண்ணியாவுக்கு.
அவள் கணக்குப் பகுதி.
எங்கள் கோடில் ஒரு வரி பார்த்தவள் இல்லை.
அதற்காகத்தான் அவள்.
"நான் வாசிக்கிறத மட்டும் வைச்சுச் சொல்லு,
என்ன செய்வாய்?"

கடைசி ஓட்டத்தின் முடிவுகளைத் தரும்.
"கடைசி எண்டா? முடிஞ்சதா, தொடங்கினதா?"
திருத்தினேன்.
இன்றைய திகதியைக் கொடுக்கவும்.
"ஆருட இண்டைக்கு?"
பதிவேடு கிரீன்விச் நேரத்தில்.
இங்கே காலை ஐந்தரை ஆகும்வரை
அங்கே நேற்றுத்தான்.
அதையும் எழுதினேன்.
"தவிர்த்தது எண்டா பாஸா, ஃபெயிலா?"
இரண்டுமில்லை.
"அப்ப அதைச் சொல்லன்!"
அவள் பக்கம் பாலத்தில் ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தது.
"சரி, ஒண்டுமே வராட்டி?"

கீழே மான்கள் மூன்று
ஐஸ் கடைச் சாக்கை மென்றுகொண்டு நின்றன.
எங்கள் ஊர் மானுக்கு
எது தீனி, எது குப்பை என்று
ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கடைசியில் இப்படி வந்தது:
ஓட்டத்தின் இலக்கம் கட்டாயம்.
எத்தனை ஓடின என்று முதலில் பார்க்கவும்.
வெற்றுப் பட்டியல் வந்தால் ஒன்றும் ஓடவில்லை என்றும் இருக்கலாம்;
அதைச் சித்தி என்று எண்ண வேண்டாம்.
இந்தக் கருவி பார்க்க மட்டும். மீண்டும் ஓட்டாது.
ஓட்டுவதற்கு வேறொன்று உண்டு, அதன் பெயர் கீழே.

"ஒரு கருவிக்கு இவ்வளவு கதையா?" என்றான் நிலுபுல்.
"விரைவான", "வினைத்திறன் மிக்க" இரண்டையும் வெட்டினேன்.
அவை அவன் சேர்த்தவை.

வியாழன் இரவு
ஓட்டம் தொடங்க முன்பே நானே ப்ளக்கைப் பிடுங்கினேன்.
இருட்டில் இருந்து பிஸ்கட் தின்றேன்.
திரும்பச் செருகியபின் அறிக்கை வந்தது:

ஓட்டம் 2207 முடியவில்லை.
ஓடியவை பூச்சியம்.
தேறியதா இல்லையா என்று சொல்ல முடியாது.

மூன்று தரம் வாசித்தேன்.
நூற்று நாற்பத்து மூன்றும் பச்சையாக வந்த நாளில்கூட
இவ்வளவு நிம்மதி இருந்ததில்லை.

அமிர்தநாயகத்தின் அட்டை இப்போது வேலை செய்கிறது.
எண்பத்தெட்டாம் சோதனை மட்டும்
ஒரு நாள் தேறுகிறது, மறுநாள் தேறவில்லை,
கோடில் ஒருவரும் கைவைக்காமலே.
அதற்கு என்ன எழுதுவது என்று
ஸனூபாவிடம் கேட்டேன்.
"நீ என்ன செய்வாய், அதை எழுது" என்றாள்.
நான் என்ன செய்வேன்?
இன்னொரு தரம் ஓட்டிவிட்டு
பேசாமல் இருப்பேன்.
அதை எப்படி எழுதுவது.